கேளாச் செவியும் அறுவைக் கத்தியும்

ஐம்பொறிகளுள் செவிக்குத் தமிழ்ச் சான்றோர் கொடுத்த இடம் தனிச் சிறப்புடையது. திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரமும் கல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்த கையோடு, 42-ஆம் அதிகாரமாகக் கேள்வியை வைத்தார். ஏடு பயில வாய்ப்பில்லாதவனுக்கும் செவி வழியாக அறிவு வந்து சேரும் என்னும் நம்பிக்கை அவ்வைப்பு முறையிலேயே புலப்படுகின்றது. ஆனால் அந்த வாயிலே அடைபட்டுப் பிறக்கும் குழந்தையின் நிலை என்ன? அத்தகைய குழந்தைக்கு நம் ஊர்களில் வழங்கிய பெயர் ‘ஊமை’ என்பது. நாவிலும் குரல்வளையிலும் அதற்கு யாதொரு குறையும் இல்லை. பிறர் பேச்சைக் கேளாமையால் பேசக் கற்கவில்லை, அவ்வளவே. குறை இருந்த இடம் காது. பழி சுமந்தது வாய். இம்மயக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. நாக்கின் அடியிலுள்ள தசைநாரை அறுத்துவிட்டால் பிள்ளை பேசிவிடும் என்று கருதிக் கத்தி எடுத்த மருத்துவர் ஐரோப்பாவிலும் இருந்தனர்.

காதுக்கு அறுவை செய்வது இந்நாட்டவர்க்குப் புதியதன்று என்று சிலர் சுசுருத சங்கிதையைக் காட்டுவர். அந்நூல் 28 வகைக் காது நோய்களை எண்ணுகின்றது. அறுந்த காது மடலை ஒட்டவைக்கும் முறைகளாகப் பதினைந்தைக் கூறுகின்றது. குழந்தைக்குக் காது குத்தும் முறையும் அதில் உண்டு. பாம்படமும் தண்டட்டியும் அணிவதற்காகக் காது வளர்த்த தென்பாண்டிப் பெண்டிர்க்கும், பிற்காலத்தில் அந்த நீண்ட காதை அறுத்துத் தைத்துக்கொண்ட அவர்தம் மகளிர்க்கும் மடல் வைத்தியம் பழகிய ஒன்றே. ஆயினும் இவை யாவும் புறச்செவியோடு நின்றுவிட்டவை. அழகுக்கும் அணிகலனுக்கும் அமைந்த மடலுக்கு இத்தனை கலை இருந்தது. கேட்கும் உறுப்பாகிய உட்செவிக்கோ எண்ணெய்ச் சொட்டும் மூலிகைச் சாறுமே இருந்தன. முன்னோர் திறமையில் குறைவு என்று இதனைக் கொள்ளலாகாது. கேட்கும் உறுப்பை இயற்கை மறைத்து வைத்துள்ள இடம் அத்தகையது. மண்டையோட்டின் மிகக் கடினமான எலும்புக்குள், மூளைக்கும் முகநரம்புக்கும் அருகில், பட்டாணியளவே உள்ள நத்தைச் சுருளாக அது கிடக்கின்றது. செவிப்பறையிலிருந்து ஒலியை அதற்குக் கொண்டு செல்லும் மூன்று எலும்புகளுள் அங்கவடி எலும்பு 3 மில்லிமீட்டர் அளவே உடையது. மனித உடலின் எலும்புகளில் இதுவே மிகச் சிறியது.

அஞ்சல் அதிகாரியும் அரண்மனை மருத்துவரும்

மேலை நாட்டில் உட்செவி நோக்கி முதலடி வைத்தவர் மருத்துவரல்லர் என்பது வியப்புக்குரியது. தொண்டைக்கும் நடுச்செவிக்கும் இடையே ஒரு குழல் உண்டென்பதை இத்தாலியரான யுஸ்டேக்கி என்பார் 1562-இல் விளக்கி எழுதினார். அவர் பெயராலேயே அது யுஸ்டேஷியன் குழல் எனப்படுகின்றது. அக்குழல் அடைபட்டதால் தம் காது மந்தமானதை உணர்ந்த கியோ என்னும் பிரெஞ்சுக்காரர், வெர்சேல்ஸ் நகரின் அஞ்சல் அதிகாரி, வளைந்த தகரக் குழாய் ஒன்றை வாய்வழியே செலுத்தித் தமக்குத் தாமே கழுவிக்கொண்டார். 1724-இல் பாரிஸ் அறிவியற் கழகத்தில் அதனை அவர் அறிவித்தபோது நம்பியோர் சிலரே.

காதின் பின்னுள்ள எலும்பைத் துளைத்துச் சீழை வெளியேற்றும் முறையும் அதே நூற்றாண்டில் தலைகாட்டியது. ஆனால் 1791-இல் டென்மார்க்கு அரண்மனை மருத்துவர் பெர்கர் காதிரைச்சலும் செவிமந்தமும் தீரவேண்டித் தம் எலும்பைத் துளைக்கச் செய்து, சில நாட்களில் இறந்துபட்டார். அந்த ஒரு சாவு ஐரோப்பா முழுவதையும் அச்சுறுத்திற்று. 1873-இல் ஜெர்மானிய நாட்டு ஷ்வார்ட்சே என்பார் ஐசெல் என்பவருடன் சேர்ந்து, அறுவையை எந்த நோய்க்குச் செய்ய வேண்டும், எவ்வாறு செய்ய வேண்டும் என்று வரையறுத்து எழுதும்வரை ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அந்த வழி அடைபட்டே கிடந்தது.

இதற்கிடையே இலண்டனில் ஆஸ்ட்லி கூப்பர், யுஸ்டேஷியன் குழல் அடைபட்டோர்க்குச் செவிப்பறையில் சிறு துளையிட்டுக் கேட்கச் செய்தார். 1801-ஆம் ஆண்டுக்குரிய கோப்ளி பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. செய்தி பரவியதும் எல்லா வகைச் செவிடரும் அவர் வாயிலில் கூடினர். பெரும்பாலோர்க்கு அத்துளையால் பயனில்லை. பயன் கண்டோர்க்கும் துளை விரைவில் மூடிக்கொண்டது. கூப்பர் அதனைக் கைவிட்டு வேறு அறுவைகளின்பால் கருத்தைச் செலுத்தினார். புகழ் தந்த முறையைப் பயனில்லாதவர்க்குச் செய்ய மறுத்த அவரது நேர்மை அவர் பெற்ற பதக்கத்தினும் மதிக்கத்தக்கது.

அந்நேர்மை எல்லாரிடமும் இருந்ததாகச் சொல்வதற்கில்லை. பாரிஸ் நகரில் அபே த லெப்பே என்னும் பாதிரியார் காது கேளாதோர்க்குச் சைகை வழியே கல்வி புகட்டப் பள்ளி அமைத்திருந்தார். அப்பள்ளியின் மருத்துவராக 1800-இல் அமர்ந்த இத்தார், மாணவர்களின் செவிப்பறையைத் துளைத்தார், மின்னோட்டம் பாய்ச்சினார், யுஸ்டேஷியன் குழலில் மருந்து செலுத்தினார். பல்லாண்டு முயன்றும் பயன் காணாமல், பிறவியிலேயே கேளாதோர்க்கு மருத்துவம் உதவாது என்ற முடிவுக்கு வந்தார். அவர் 1821-இல் வெளியிட்ட காது நோய் நூல் அத்துறைக்கு அடிப்படையாயிற்று என்பது உண்மை. வாய் திறந்து வேண்டாம் என்று சொல்ல இயலாத பிள்ளைகளின் காதில் அந்த அறிவு ஈட்டப்பட்டது என்பதும் உண்மை.

சீழும் பசைநீரும்

குழந்தைகளின் கேளாமையைப் பொதுவாக இரு கூறாகப் பிரிப்பர். ஒலி உட்செவிக்குச் செல்லும் வழி தடைப்படுவது ஒன்று. உட்செவியோ நரம்போ பழுதுபடுவது மற்றொன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை அறுவை மருத்துவம் கைவைக்க முடிந்தது முன்னதில் மட்டுமே. அதிலும் அறுவையின் நோக்கம் கேட்கச் செய்வதன்று, உயிரைக் காப்பதே. நடுச்செவிச் சீழ் எலும்பைத் துளைத்து மூளைக்குப் பரவினால் குழந்தை இறக்கும். ஆகவே காதுமூக்குத் தொண்டைப் பிரிவுகளில் காதுப் பின்னெலும்பு அறுவையே நாளும் நடந்தது. 1940-களில் பெனிசிலின் வந்தபின் அக்காட்சி மாறிற்று. சீழ் அடங்கியதால் மருத்துவரின் கருத்து கேள்விக்குத் திரும்பிற்று. 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வுல்ஸ்டைன், சோல்னர் ஆகியோர் கிழிந்த செவிப்பறையைத் தோல் கொண்டு மூடவும் அரித்த எலும்புத் தொடரைச் சீரமைக்கவும் முறை வகுத்தனர். கண்ணருகே பெரிதாக்கிக் காட்டும் அறுவை நுண்ணோக்கி இல்லையேல் இவை நடந்திரா.

ஆசிரியர்கள் சிறப்பாக அறியவேண்டியது பிறிதொன்று. சளி பிடித்தல், மூக்கின் பின்னுள்ள அடினாய்டுச் சதை வீங்குதல் ஆகியவற்றால் நடுச்செவியில் பசைபோன்ற நீர் தேங்குவதுண்டு. வலி இராது, காய்ச்சல் இராது, காதில் ஒன்றும் வடியாது. பிள்ளைக்கு உலகம் பஞ்சு அடைத்த காதில் விழுவதுபோல மங்கிக் கேட்கும். வகுப்பில் பின் வரிசையில் அமர்ந்து சாளரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பிள்ளையைக் கவனக்குறைவுடையவன் என்றும் சொற்கேளாதவன் என்றும் கண்டிப்பர். சொல் கேளாதவன் என்பது எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருப்பதை உணரமாட்டார். இந்நீர் பெரும்பாலும் மூன்று திங்களுக்குள் தானே வற்றிவிடும். வற்றாவிடில் செவிப்பறையில் துளையிட்டு, அது மூடாதிருக்கச் சிறு குழல் ஒன்றைப் பொருத்துவர். கூப்பரைக் கைவிடச் செய்த அதே இடர்ப்பாட்டுக்குக் கண்ட தீர்வு இது. வியன்னாவின் பொலிட்சர் 1860-களில் இரப்பர் வளையம் வைத்துப் பார்த்தார், நிலைக்கவில்லை. 1954-இல் அமெரிக்கரான ஆம்ஸ்டிராங் செயற்கைப் பொருளாலான குழலைப் பொருத்தி வெற்றி கண்டார். இன்று கிராமெட் என்று மருத்துவமனைகளில் வழங்குவது அதன் வழித்தோன்றலே.

தோட்டத்திலிருந்து நகருக்கு

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் காதுக்கு வாய்த்த வைத்தியர் தோட்ட டிரசரே. சீழைப் பஞ்சால் துடைத்து மருந்து விடுவது அவர் வேலை. அதற்கு மேற்பட்டதற்கு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி. அவ்வளவு தொலைவு போய், ஒரு நாட்கூலியை இழந்து, வலியில்லாத காதைக் காட்டும் பெற்றோர் எத்தனை பேர் இருந்திருப்பர் என்று எண்ணிப் பார்க்கலாம். முற்றும் கேளாத பிள்ளைகளுக்கென்று கூட்டரசுப் பள்ளி 1954-இல் பினாங்கில் தோன்றிற்று. கிள்ளானிலோ காஜாங்கிலோ பிறந்த குழந்தை அங்குக் கற்க வேண்டுமாயின் தாயை விட்டு நாட்டின் வடகோடிக்குச் செல்ல வேண்டும்.

சுபாங் ஜெயாவின் கதையே இம்மாற்றத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. சீபீல்டு தோட்டத்தில் இரப்பர் மரங்கள் நின்ற நிலத்தில் 1976-இல் அந்நகரம் உருப்பெறத் தொடங்கிற்று. 1985-இல் அங்குப் பெரிய தனியார் மருத்துவமனை எழுந்தது. பால்வெட்டுத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக ஏற்பட்டுத் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளி இன்றும் அந்நகரில் உள்ளது. ஒரு தலைமுறைக்குள் டிரசர் மறைந்து சிறப்பு மருத்துவர் வந்தார். ஆனால் தனியார் மருத்துவமனையின் வாயில் வரை வருவதும் அதன் கட்டணத்தைச் செலுத்துவதும் வெவ்வேறு செய்திகள்.

கேளாமை வாராமற் காத்தலில் நாடு கண்ட வெற்றியையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். கருவுற்ற தாய்க்கு ருபெல்லா என்னும் மணல்வாரி வகைக் காய்ச்சல் கண்டால் குழந்தையின் கண்ணும் காதும் கெடும். கண் கெடுவதை 1941-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் கிரெக் கண்டறிந்தார்; காது கெடுவதும் அதனை அடுத்துத் தெளிவாயிற்று. மலேசியா 1988 முதல் பள்ளிச் சிறுமியர்க்கும், 2002 முதல் கைக்குழந்தைகள் அனைவர்க்கும் அதற்குரிய தடுப்பூசியை அளித்து வருகின்றது. தமிழ்நாட்டில் அத்தகைய பேரியக்கம் 2017-இல் நடந்தது. ஊசியால் தடுக்க இயலாத காரணமும் உண்டு. தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் தென்னாட்டில் நெடுநாள் வேரூன்றியது. பெற்றோர் இருவரும் நன்கு கேட்பவராயினும், கேளாமைக்குரிய ஒரே மரபுக்கூறு இருவரிடமும் மறைந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு கேளாமை நேரும் வாய்ப்புண்டு. உறவுக்குள் மணக்கும்போது அவ்வாறு மறைந்திருப்பது கூடுதலாகின்றது. இதனைக் குலத்தின் பழியாகவோ முன்வினையாகவோ கொண்டு தாயை ஏசுவோர்க்கு இக்கணக்கைச் சொல்லிக் காட்டுதல் நலம்.

மின்னோட்டத்தால் கேட்டல்

இனி உட்செவிப் பழுதுக்கு வருவோம். ஒலியதிர்வை மின்குறியாக மாற்றி நரம்புக்குக் கொடுப்பவை நத்தைச் சுருளின் மயிரணுக்கள். நரம்புக்குச் செய்தி விடுக்கும் உள்வரிசையில் உள்ளவை ஏறத்தாழ 3,500 மட்டுமே. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அணுக்கள் அழிந்தாலும் நரம்பு எஞ்சியிருப்பின், மின்னோட்டத்தை நேரே நரம்புக்குக் கொடுக்கலாகாதா என்பதே வினா. மின்கலத்தைக் கண்ட வோல்ட்டாவே 1800-இல் தம் இரு காதிலும் உலோகக் கோல்களை நுழைத்து மின்னோட்டம் பாய்ச்சி, தலையில் அடி விழுந்தாற்போன்ற அதிர்ச்சியையும், கூழ் கொதிப்பதுபோன்ற ஓசையையும் கேட்டார். இன்பமான பட்டறிவு அன்று. அவர் அதனைத் திரும்பச் செய்யவில்லை.

1957 பிப்ரவரி 25 அன்று பாரிசில் ஜூர்னோ என்னும் உடலியல் அறிஞரும் எய்ரீஸ் என்னும் காது மருத்துவரும், இரு காதும் கேளாத ஒருவரின் செவி நரம்பில் மின்கம்பிச் சுருளைப் பொருத்தினர். ஈசலும் சிள்வண்டும் இரைவதுபோன்ற ஒலி அவருக்குக் கேட்டது. பயிற்சிக்குப்பின் ‘பாப்பா’, ‘மமான்’ முதலிய சில எளிய சொற்களையும் பிரித்தறிந்தார். கருவி பழுதுற்றது. இரண்டாம் முறை பொருத்தியதும் பழுதுறவே முயற்சி நின்றது. அந்தச் செய்தி, நோயாளி ஒருவர் கொடுத்த செய்தித்தாள் துண்டு வாயிலாக லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் வில்லியம் ஹவுசை எட்டியது. 1961-இல் அவர் தம் முதல் அறுவைகளைச் செய்தார். அறிஞர் உலகம் எள்ளி நகையாடிற்று. 3,500 அணுக்களின் வேலையை ஒரு கம்பி எவ்வாறு செய்யும் என்பது அவர்கள் கேள்வி, நியாயமான கேள்வியே.

விடை தந்தவர்களுள் முதன்மையானவர் ஆஸ்திரேலியரான கிரேம் கிளார்க். அவர் தந்தையார் மருந்துக்கடைக்காரர், காது மந்தமானவர். வாடிக்கையாளர் உரக்கச் சொல்ல வேண்டியிருந்த அந்தக் கடையில் வளர்ந்த மகன் காதையே தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். நத்தைச் சுருளின் அடியில் உயர்ந்த சுருதியும் உச்சியில் தாழ்ந்த சுருதியும் உணரப்படுகின்றன. ஆதலின் பல மின்வாய்களைச் சுருளுக்குள் வரிசையாகச் செலுத்த வேண்டும். இரண்டரைச் சுற்றுக்கு மேல் வளையும் அந்தச் சுருளுக்குள் கம்பியை உடைக்காமல் நுழைப்பது எப்படி? 1977-இல் கடற்கரையில் கிடந்த சங்கு ஒன்றினுள் புல்லிதழை நுழைத்துப் பார்த்தார். நுனி மெலிந்தும் அடி விறைத்தும் இருந்த புல் தடையின்றி வளைந்து சென்றது. 1978 ஆகஸ்டு 1 அன்று மெல்பர்ணில் அவர் தம் முதல் நோயாளிக்குப் பல மின்வாய்க் கருவியைப் பொருத்தினார். வியன்னாவில் ஹோக்மையர் தம்பதியரின் கருவி 1977-இலேயே பொருத்தப்பட்டிருந்தது. அமெரிக்க அரசின் மருந்துத்துறை 1990-இல் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும், 2000-இல் ஒரு வயதுக் குழந்தைகளுக்கும், 2020-இல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கும் இசைவளித்தது.

அறுவையின் போக்கு இதுவே: காதின் பின்புறம் கீறி, ஷ்வார்ட்சே வகுத்த அதே வழியில் எலும்பைக் குடைந்து, முகநரம்பை ஊறு செய்யாமல் ஒதுங்கி நடுச்செவியை அடைவர். ஆங்குள்ள வட்டச் சாளரத்தின் வழியாகவோ அதனருகில் சிறு துளையிட்டோ மின்வாய்க் கோவையை உள்ளே செலுத்துவர். தோலுக்கடியில் ஏற்புக் கருவி. காதின் வெளியே ஒலிவாங்கியும் ஒலிபகுப்புக் கருவியும். குழந்தை பிறக்கும்போதே நத்தைச் சுருள் முதிர்ந்தோர்க்கு உள்ள முழு அளவில் அமைந்துவிடுவது இயற்கையின் பேருதவி. கைக்குழந்தைக்குப் பொருத்திய கம்பி வளர்ந்தபின் சிறிதாய்ப் போவதில்லை.

விரைவு ஏன் என்பதற்கும் விடையுண்டு. ஒலியே வாராத மூளைப் பகுதி நாளடைவில் வேறு பணிக்குத் திரும்பிவிடுகின்றது. மூன்றரை வயதுக்குள் கருவி பெற்ற பிள்ளைகளின் மூளை, கேட்கும் பிள்ளைகளின் மூளையைப்போல் ஒலிக்கு எதிர்வினை காட்டுவதையும், ஏழு வயது கடந்தபின் பெற்றோரிடம் அது பெரும்பாலும் வாராமையையும் 2002-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. உட்செவி தானே எழுப்பும் மெல்லொலியை 1978-இல் கெம்ப் என்னும் ஆங்கிலேயர் கண்டமையால், உறங்கும் குழந்தையின் காதைச் சில நிமிடங்களில் சோதிக்க இயல்கின்றது. ‘நம் பிள்ளை தாமதமாகத்தான் பேசும், அவன் தாத்தாவும் அப்படியே’ என்று காத்திருக்கும் குடும்பங்களில் கழியும் ஒவ்வோர் ஆண்டும் மீளாத ஆண்டு.

மலேசியாவில் இவ்வறுவை 1995-இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மருத்துவர்களால் தொடங்கப்பெற்றது. தமிழ்நாட்டில் டாக்டர் மோகன் காமேஸ்வரன் முதலியோர் அதனைப் பரப்பினர். அங்கு அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏழைக் குழந்தைகளுக்கும் இதனை எட்டச் செய்தது. நடுவண் அரசும் 2014-இல் ஒரு கருவிக்கு 6 இலட்ச ரூபாய் வரை வழங்கி ஆண்டுக்கு 500 குழந்தைகளுக்கு உதவும் திட்டத்தை வகுத்தது. பொருத்தும் செலவை அரசு ஏற்பினும், பின்னர் மின்கலம் மாற்றுதலும் அறுந்த கம்பிக்கு வேறு வாங்குதலும் குடும்பத்தின் தலையில் விழுவதுண்டு. கருவி இருந்தும் பெட்டிக்குள் கிடக்குமாயின் குழந்தைக்குக் கேளாமை திரும்பி வருகின்றது.

இவ்வறுவையை எல்லாரும் வரவேற்றனர் எனல் பொருந்தாது. கேளாதோர் தமக்கென்று மொழியும் சமுதாயமும் உடையவர். அவர்களை நோயாளியாகக் கருதிக் குழந்தையின் தலையைத் துளைப்பது முறையன்று என்று 1991-இல் அமெரிக்கக் கேளாதோர் சங்கம் கண்டித்தது. 2000-இல் அச்சங்கமே தன் நிலையைத் தளர்த்திக்கொண்டது. இத்தாருடைய சோதனைகளையும், 1880-இல் மிலான் மாநாடு பள்ளிகளில் சைகைமொழியை விலக்கியதையும் அறிந்தோர்க்கு அந்தச் சினத்தின் வேர் விளங்கும். மலேசியாவில் 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டம் மலேசியச் சைகைமொழியைக் கேளாதோரின் அதிகாரமுறை மொழியாக ஏற்றுள்ளது. கருவி பெற்ற பிள்ளையும் குளிக்கும்போதும் உறங்கும்போதும் அதனைக் கழற்றிவிட்டுக் கேளாதிருக்கின்றது என்பதை மறந்து, கையால் பேசுவதைத் தடுப்பது அறிவுடைமையாகாது.

கருவியும் மாத்திரையும்

கருவியை இயக்கிய அன்றே குழந்தை பேச்சைப் புரிந்துகொள்ளும் என எதிர்பார்ப்போர் ஏமாறுவர். அது கேட்பது மின்னோட்டம் படைத்த புதுவகை ஒலி. அதனைச் சொல்லாக உணர ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். இங்குத்தான் தமிழாசிரியர்க்குரிய செய்தி உள்ளது. இருபதை ஒட்டிய மின்வாய்கள் ஒலியின் கால அளவையும் ஏற்றத்தாழ்வையும் செவ்வனே கொடுக்கின்றன. ஒலிக்கும் ஒலிக்கும் உள்ள நுண்ணிய நிறவேறுபாட்டை அவ்வளவு நன்கு கொடுப்பதில்லை. தமிழிலோ கால அளவே பொருளை மாற்றும். ‘படு’, ‘பாடு’, ‘பட்டு’, ‘பாட்டு’ என்பவற்றை வேறுபடுத்துவது குறிலும் நெடிலும் ஒற்றுமே. கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் கொண்டு மாத்திரையை அளந்த தொல்காப்பியர் வகுத்த வேறுபாடு, கருவி வழியாகவும் பெரும்பாலும் பிழையாமல் சென்று சேரக்கூடியது. மாறாக ‘வலி’, ‘வளி’, ‘வழி’ என்பவற்றின் வேறுபாடு நாவின் நிலையால் எழும் நிறவேறுபாடு, அது மங்கும். நன்கு கேட்கும் பிள்ளைகளே தடுமாறும் இடத்தில் கருவியால் கேட்கும் பிள்ளை தடுமாறினால் அதனைச் சோம்பலென்று ஆசிரியர் கருதலாகாது. வாயசைவைக் காணும்படி முன் வரிசையில் அமர்த்தி, எழுத்தையும் உடன் காட்டுதல் வேண்டும்.

எந்த மொழியில் பயிற்றுவது என்ற சிக்கலும் உண்டு. கேளாத பிள்ளைக்கு ஒரு மொழியே போதும் என்று முன்னர் அறிவுறுத்துவது வழக்கம். கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த ஒரு மொழி பெரும்பாலும் பயிற்சியாளர் அறிந்த மலாயோ ஆங்கிலமோ ஆகும். அப்போது பாட்டியும் தாயும் வீட்டில் பேசும் தமிழ் குழந்தைக்குப் புறத்தே நிற்கும். இளமையில் கருவி பெற்றுத் தக்க பயிற்சியும் பெறும் குழந்தை இரு மொழியைக் கற்க இயலும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. செவிச் சோதனைக்குரிய தமிழ்ச் சொற்பட்டியல்கள், 1965-இல் மைசூரில் தொடங்கப்பெற்ற அனைத்திந்தியப் பேச்சு, செவிப்புல நிலையத்தின் மாணவர் ஆய்வுகளில் 1970-களிலேயே உருவாயின. தமிழ்நாட்டு வழக்குச் சொற்களால் அமைந்த அப்பட்டியல்களை இங்குள்ள குழந்தைக்குப் பயன்படுத்துமுன், ‘பசியாறு’ என்பது போன்று மலேசியத் தமிழ் வீடுகளில் நாளும் வழங்கும் சொற்களை அவற்றோடு சேர்த்தல் இன்றியமையாதது. அப்பணிக்கு மருத்துவரைவிடத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரே பொருத்தமானவர்.